கியூசி அக்காவின் எலும்பு

நாற்காலியைக் கண்டவுடன் உட்கார்ந்துவிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. முதலில் சாய்மானத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையால் நடுவில் ஓர் அழுத்து. கால்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று குனிந்து ஒரு பார்வை. அதற்கப்புறம்தான் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்காருவார். எங்கள் ஊர்ப் பக்கம், ரெங்கத்தில் ஒரு கல்யாணத்தில் இப்படித்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது ரிஜெக்ட்" என்று சுவரோரமாகத் தள்ளி வைத்தார். பின்னால் வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், நல்ல நாற்காலி சும்மா கிடக்கிறதே என்று அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரசம் வருகிற நேரத்தில் நாற்காலியின் பின்னங்கால்கள் பிளந்துகொண்டன. பெரியவர் கையில் ரசக் கிண்ணத்தோடு மெதுவாகத் தரைக்கு இறங்கினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பந்தியே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல் எழுந்து போய், உடைந்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, வெடிப்பு முன்னாடியே இருந்தது என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

நாங்கள் எல்லோரும் அவரைக் கியூசி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வீட்டுக்காரரே நாலு பேர் முன்னால் "நம்ம கியூசி" என்றுதான் சொல்வார். செனாயில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் அவருக்குத் தரம் பார்க்கிற 'கியூசி' பிரிவில் வேலை. பூதக்கண்ணாடி வைத்த விளக்குக்குக் கீழே பச்சை நிறத் தகடுகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறலும் அவர் கண்ணுக்குத் தெரியும். தேறியது பச்சைத் தட்டுக்கு. தேறாதது சிவப்புத் தட்டுக்கு. சரிசெய்தால் தேறும் என்றால் மஞ்சள் தட்டுக்கு. நான் அடுத்த பிரிவில், பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற வேலையில் இருந்தேன். வயதில் அவரைவிட நாலைந்து வருடம் சின்னவள். சிம்பாங் ரெங்கத்தில் ஒரே தாமான் குடியிருப்பில், ஒரே வரிசையில் எங்கள் வீடுகள். விடிவதற்கு முன்னால் வருகிற ஃபேக்டரி பஸ்ஸில் ஒரே இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். அவருக்கு ஜன்னல் பக்கம்.

வேலையில் இருக்கிற கண் வீட்டுக்கு வந்தால் மூடிக்கொள்ளுமா? அக்காவுக்கு மூடாது. மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அவர் தராசையும் பார்ப்பார். ஒரு தடவை கொழுந்தனார் தன் மகனுக்குப் பெண் பார்க்க அவரையும் அழைத்துப் போனார். போன இடத்தில் அக்கா பெண்ணைப் பார்க்கவே இல்லை. கை கழுவப் போகிறேன் என்று சமையல்கட்டுக்குப் போனவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். காரில் திரும்பி வரும்போது எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது, வீட்டு ஆம்பளைகள் அதைக் கவனிக்கவில்லை, ஆனால் அந்தப் பெண் கீழே வாளி வைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறது, பெண்ணை எடுக்கலாம், குழாயைப் பற்றிச் சம்பந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். கல்யாணம் நடந்தது. குழாயும் மாற்றப்பட்டது.

மாதவிடாய் நின்ற காலத்தில்கூட அவர் அப்படித்தான் இருந்தார். பஸ்ஸில் ஏர்கோன் குளிரில் நாங்களெல்லாம் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டிருப்போம். அக்காவுக்குத் திடீரென்று கழுத்தெல்லாம் வியர்க்கும். உள்ளே அடுப்பு எரிகிறது என்பார். அது எத்தனை நேரம் எரிகிறது, எதைச் சாப்பிட்டால் அதிகமாகிறது என்று அவரே கவனித்து வைத்திருந்தார். இதையெல்லாம் மறைத்துப் பேசுகிற வழக்கம் அவரிடம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆண்கள்தான் தலையைத் திருப்பிக்கொண்டு செம்பனை மரங்களைப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் தன் வீட்டில் துணி அலசும் இடத்தில் வழுக்கி விழுந்தார். உயரத்திலிருந்து இல்லை. நின்ற இடத்திலிருந்துதான். சோப்புத் தண்ணீர், ரப்பர் சிலிப்பர், ஒரு சறுக்கல். கையை ஊன்றினார். மணிக்கட்டு உடைந்தது.

அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் சிங்கப்பூர்ப் பக்கம் இருப்பார். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் என் காரில் அழைத்துப் போனேன். கட்டுப் போட்ட பிறகு ஒரு மலாய் டாக்டர், சின்ன வயதுப் பெண், அக்காவை உட்கார வைத்துப் பேசினார். விழுந்த உயரத்துக்கு இந்த எலும்பு உடைந்திருக்கக் கூடாது, ஏன் உடைந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். அந்த 'ஏன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் வலியிலும் அக்காவின் முகம் தெளிந்தது. ஃபேக்டரியில் திரும்பி வருகிற ஒவ்வொரு பழுதுக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. அந்த வேலையைத் தனக்காக இன்னொருவர் செய்கிறார் என்றதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அந்த டாக்டர் அவருக்கு "நம்ம பிள்ளை".

ஸ்கேன் அறையில் ஒரு மேசைமேல் படுக்கச் சொன்னார்கள். அக்கா படுக்கவில்லை. இந்த மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று மலாயில் கேட்டார். மெஷினைக் கையாளுகிற பெண் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். தலையை ஆட்டினார். பிறகுதான் ஏறிப் படுத்தார்.

முதுகெலும்பு ரொம்பவே மெலிந்திருந்தது. இடுப்பெலும்பு அவ்வளவு மோசமில்லை. எலும்பு என்பது செத்த கட்டை இல்லை என்று டாக்டர் விளக்கினார். பழையதைக் கரைப்பதும் புதியதைக் கட்டுவதும் உள்ளே ஓயாமல் நடக்கிற வேலை. மாதவிடாய் இருக்கிறவரை உடம்பில் சுரக்கும் ஹார்மோன் இரண்டையும் சமமாக வைத்திருக்கும். அது நின்ற பிறகு கரைக்கிற கை ஓங்கிவிடுகிறது. அக்கா உடனே ஹார்மோன் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். எங்கள் பஸ்ஸில் வருகிற ஒருவர் உடம்புச் சூட்டுக்காக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அக்காவின் பழைய விவரங்களைப் பார்த்தார். சில வருடங்களுக்கு முன் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்திருந்தார்கள். உங்களுக்கு ஹார்மோன் வேண்டாம், ஹார்மோன் இல்லாமலே செய்யக் கூடியது நிறைய இருக்கிறது என்றார்.

காரில் திரும்பி வந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. ரொம்ப தூரம் வந்த பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊர்ல உள்ள சாமானெல்லாம் நான் ரிஜெக்ட் பண்ணேன். இப்ப நானே ரிஜெக்ட்டாயிட்டேன்லா."

வழியில் நிறுத்தி டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். டீயை வேண்டாம் என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, நான் வேலையில் இருக்கும்போது போன் வந்தது. அக்கா மெடிக்கல் லீவில் வீட்டில் இருந்தார். எடுத்த எடுப்பில், "நான் தப்பா சொல்லிட்டேன்மா. செவப்புத் தட்டு இல்ல. மஞ்சத் தட்டு" என்றார். செய்யக் கூடியது நிறைய இருக்கிறது என்று நம்ம பிள்ளை சொன்னதை யோசித்துப் பார்த்தாராம். செவப்புத் தட்டில் விழுந்ததற்கு யாரும் எதுவும் செய்வதில்லையே. அவ்வளவுதான் சொன்னார், வைத்துவிட்டார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். அடுத்த ஸ்கேனில் முதுகெலும்பு கொஞ்சம் தேறியிருந்தது, இடுப்பு இருந்தபடியே இருந்தது. மோசமாகாமல் இருப்பதே நல்ல செய்தி என்றார் டாக்டர். பழைய ஸ்கேனும் இதே மெஷினில்தான் எடுத்ததா என்று அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அண்ணனோடு கடலோரமாக மெர்சிங் பக்கம் போய்விட்டார். அங்கே இருக்கிற மீன்காரர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் நடந்தது.

வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தொடங்குவதற்கு முன்னால் பல்லைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். காட்டினார். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, டீ குடிக்கக் கூடாது, எதையும் சாப்பிடக் கூடாது. அக்கா ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். டீ இல்லாமல் அரை மணி நேரம் வீட்டுக்குள் இருந்தால் அண்ணனோடு சண்டை வரும் என்று வெளியே கிளம்பிவிடுவார். எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாக நடை. வாசலில் நின்றே பேசுவார், உள்ளே வந்து உட்கார மாட்டார். பேச்சோடு பேச்சாகக் கண் அலையும். உங்க வீட்டு கேட் கீல் துருப்பிடித்திருக்கிறது, உங்க வாசல் மிதியடி சுருண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். கோடி வீட்டுச் சீனப் பெரியவருடைய கேஸ் குழாயில் வெடிப்பு இருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் அந்தப் பெரியவர் ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்று காத்திருப்பார். மற்றவர்கள் எல்லோரும் அப்படிக் காத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. இதை அக்காவால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. வருடம் முழுவதும் வெயில் காய்கிற ஊரில் ஒருத்திக்கு வெயில் பற்றாக்குறையா என்று டாக்டரிடமே கேட்டார். டாக்டர் அவருடைய வேலை நேரத்தைக் கேட்டார். விடிவதற்கு முன் பஸ், நாள் முழுக்க ஜன்னல் இல்லாத ஹால், இருட்டியதும் வீடு. அக்கா சற்று யோசித்துவிட்டு, சரிதான் என்றார். அதற்கும் ஒரு மாத்திரை. கூடவே, சாப்பாட்டு இடைவேளையில் ஃபேக்டரி வாசலில் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க ஆரம்பித்தார். பாதுகாவலர் முதலில் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நினைத்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அது தேறவில்லை.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. நெத்திலியை முள்ளோடு பொரித்துக்கொண்டார். தவ்ஹூ என்கிற சோயாக்கட்டி, முருங்கைக்கீரை, கேழ்வரகு. பால் மட்டும் அவருக்குத் தொண்டையில் இறங்காது. டீயில் ஊற்றுகிற கெட்டிப்பால் கணக்கில் சேருமா என்று கேட்டுப் பார்த்தார். நம்ம பிள்ளை சிரித்துவிட்டுச் சேராது என்றதாம்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு சீன இளைஞர் இருந்தார். எடை தூக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும், சமையல்கட்டு மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும் என்றார். இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து எதையும் தூக்கக் கூடாது, முழங்காலை மடக்கித்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் போத்தல்களை வைத்து எடை தூக்கத் தொடங்கினார் அக்கா. ஒருநாள் ஒரு போத்தலில் அண்ணன் கொஞ்சம் குடித்துவிட்டார். இரண்டு கையிலும் எடை சமமாக இல்லை என்பதை அக்கா தூக்கியவுடனே கண்டுபிடித்து, போய் இரும்புக் குண்டே வாங்கி வந்துவிட்டார். ஒற்றைக்கால் பயிற்சியை வேலையிடத்திலும் விடவில்லை. டீ நேரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு பக்கத்து மேசை மலாய் அக்கா ஒருத்தி சேர்ந்தாள். பிறகு நான். கொஞ்ச நாளில் எங்கள் வரிசை முழுக்கக் கொக்குகள் மாதிரி நின்றோம். மேலதிகாரி ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர், எங்களைப் பார்த்து எதுவும் கேட்காமல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வருடக் கடைசியில் மழை பிடித்தது. அந்தச் சமயத்தில் கோயிலில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா ஈரப் பளிங்குத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அக்காவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். நல்ல திடகாத்திரமான மனுஷி. கட்டிலில் சுருண்டு கிடந்தார். அவரும் அக்காவும் ஒரே வயது. அக்கா அந்தக் கட்டிலின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். வழக்கமாகக் கட்டில் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். அன்று எதையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினார். முதலில் வீட்டு மிதியடிகள். அது டாக்டர் சொன்னதுதான். பிறகு அண்ணன் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த கம்பளம். பிறகு கோயில், தரை ஈரமாக இருக்கும் என்பதால். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்கள் என்பதால். கல்யாண வீடுகள், மண்டபப் படிக்குக் கைப்பிடி இல்லை என்பதால். ஞாயிற்றுக்கிழமை நடையும் நின்றது. கோடி வீட்டுப் பெரியவர் என்னிடம் வந்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஒரு மழை நாளில் பஸ் படி வழுக்குகிறது என்று வேலைக்கு வரவில்லை. நவம்பர் டிசம்பரில் எங்கள் ஊரில் எந்த நாள் மழையில்லாத நாள்? கடைசியில் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையும் இருந்தது.

எனக்கு அது முதலில் தவறாகத் தெரியவில்லை. ஜாக்கிரதையாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு மாலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். வந்து வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். அக்கா இப்போது கேட் வரைக்கும்கூட வருவதில்லை, குளிக்கப் போகும்போதும் தன்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்கிறார், லாரி எடுக்கப் போனால் போன் மேல் போன் வருகிறது என்றார். அப்புறம் சொன்னார்:

"எலும்பு ஒடைஞ்சா கட்டுப் போட்டுக்கலாம் தங்கச்சி. இப்டி ஒக்காந்துட்டா அதுக்கு என்னா கட்டுப் போடறது?"

அடுத்த வாரம் அந்தப் பயிற்சி இளைஞரைப் பார்க்க அக்காவுக்கு நாள் குறித்திருந்தது. நானும் போனேன். வெளியே நடக்கிறீர்களா என்று அவர் கேட்டார். எதையெல்லாம் நிறுத்திவிட்டேன் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். கோயில், சந்தை, பஸ், வேலை. நல்ல மாணவி பதில் சொல்கிற மாதிரி, பாராட்டை எதிர்பார்த்தே சொன்னார். இளைஞர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆன்ட்டி, முதல் தடவை எங்கே விழுந்தீங்க?"

அக்கா உடைந்து கூடிய மணிக்கட்டைப் பார்த்தார். எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. வீட்டில்தானே விழுந்தார். உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்குச் சதையும் வற்றும், எலும்பும் மெலியும், நிற்கும்போது நிதானமும் போய்விடும் என்று அவர் விளக்கினார். விழாமல் பார்த்துக்கொள்வது ஒரு பாதி, விழுந்தால் எழுந்திருக்கத் தெரிவது இன்னொரு பாதி என்றார். பிறகு தரையில் ஒரு மெத்தையை விரித்து, அக்காவைப் படுக்கச் சொன்னார்.

அக்கா தரையில் படுத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. முழங்காலிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, ஒருவழியாகப் படுத்தார். எழுந்திருக்கும் முறையை இளைஞர் சொல்லிக்கொடுத்தார். முதலில் அவசரப்படாமல் எங்கே வலிக்கிறது என்று பார்ப்பது. பிறகு ஒருக்களித்துப் புரள்வது. கைகளை ஊன்றி முழங்காலுக்கு வருவது. பலமான எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னால் வைத்து எழுவது. அக்கா எழுந்தார். இன்னொரு தடவை என்றார் இளைஞர். மூன்றாவது தடவை அக்காவே எங்கள் இருவரிடமும், "நீங்க அந்தப் பக்கம் போங்க, பிடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். முதலில் கேட் வரை. பிறகு, மழை விட்ட மாலைகளில் எங்கள் தாமானின் திடல் வரை. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பூவைப் போலத் துணி போட்டு மூடாத குறைதான். அப்படிப் பத்திரமாக அழைத்துப் போனோம். நடப்பதற்கென்று, வழுக்காதபடி அடியிலே பள்ளம் வைத்த நல்ல சப்பாத்து வாங்கியிருந்தார். கடையில் இருந்த அத்தனை சப்பாத்தையும் வளைத்துப் பார்த்துத்தான் வாங்கினார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் நாங்கள் மூவரும் திடலைச் சுற்றிக்கொண்டிருந்தோம். மாலை வெயில், நனைந்த புல். பெஞ்சுக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு பூனை பாய்ந்து அக்காவின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. அக்கா தடுமாறினார். அண்ணன் கையை நீட்டுவதற்குள் பக்கவாட்டில் விழுந்துவிட்டார்.

அண்ணன் அப்படியே உறைந்து நின்றார், நீட்டிய கை நீட்டியபடியே. பந்தாடிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அக்கா கீழே கிடந்தபடியே ஒரு கையைத் தூக்கி, யாரும் தொட வேண்டாம் என்று சொன்னார். அது அவர் ஃபேக்டரியில், வரிசையை நிறுத்து என்று சொல்கிற குரல்.

புல்லில் கிடந்தபடி தன்னைத்தானே பார்வையிட ஆரம்பித்தார். முதலில் விரல்களை மடக்கி நீட்டினார். உடைந்து கூடிய மணிக்கட்டைத் திருப்பினார். தோளை அசைத்தார். கால் விரல், கணுக்கால், முழங்கால். இடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு காலை மடக்கினார், பிறகு மற்றதை. எங்கும் அவசரமில்லை. ஓடி வந்தவர்களும் சுற்றி நின்று, ஏதோ பரீட்சை நடக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ஒருக்களித்துப் புரண்டார். முழங்காலுக்கு வந்தார். பெஞ்சை நோக்கித் தவழ்ந்தார். அதைப் பிடித்து, அந்த நிலையிலும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஊன்றி எழுந்து நின்றார்.

தலையெல்லாம் புல். ஒரு கன்னத்தில் சேறு. அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விழுந்துட்டேன்," என்றார். "இவ்ளோதானா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஒன்றரை மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. நின்றுகொண்டே, பெஞ்சைப் பிடித்துக்கொண்டே, கண்ணில் நீர் வழிகிறவரை சிரித்தார். அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். சுற்று இன்னும் பாதி பாக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

மறுநாள் அண்ணன் விடாப்பிடியாக அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வலியே இல்லாமலும் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம் என்பதால் டாக்டரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எதுவும் உடையவில்லை. பூனையின் மேல் அக்காவுக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்கு மீன் தலை வைத்தார் என்றுகூடக் கேள்விப்பட்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நல்ல மழை. விடிவதற்கு முன்னால் நான் பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன். அக்கா இல்லாத நாட்களில் அவருடைய ஜன்னல் இருக்கையில் நான் என் பையை வைத்துவிடுவேன். யாராவது கேட்டால் ஆள் வருகிறது என்பேன். வருகிற ஆள் வராமலே ஒவ்வொரு நாளும் பஸ் கிளம்பிவிடும். அன்றும் பையை வைத்தேன். டிரைவர், பெரிய வயது மலாய்க்காரர், கியரைப் போட்டவர் திடீரென்று நிறுத்தினார்.

எங்கள் வரிசையின் முனையிலிருந்து ஒரு குடை வந்துகொண்டிருந்தது. வேகமாக இல்லை. ஒவ்வோர் அடியும் வைத்து, பார்த்து, அடுத்த அடி. பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணன் கேட்டிலேயே நின்றுவிட்டார் போல. டிரைவர் மழையில் இறங்கிப் போய்க் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையில் தன் சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டுக் குடையை மடக்கினார். கம்பியைப் பிடித்தார். ஒரு படி. இன்னொரு படி. உள்ளே வந்து நின்றார்.

பின் இருக்கையில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. டிரைவரிடம் திரும்பி, முன் சக்கரம் தேய்ந்துபோயிருக்கிறது, இந்த மழையில் இப்படி ஓட்டலாமா என்று மலாயில் ஆரம்பித்துவிட்டார். அவர் பதில் சொல்ல, இவர் மறுத்துச் சொல்ல, அந்தச் சண்டையில் நாங்கள் எல்லோரும் அன்று தாமதமாகத்தான் கிளம்பினோம்.

பிறகு என் இருக்கைக்கு வந்தார். நனைந்த புடவையும் மழை வாசனையுமாக நின்று என்னைப் பார்த்தார்.

"பையை எடுமா," என்றார்.

எடுத்தேன். வழியில் கூலாய் தாண்டுகிறவரை அவர் பேசிக்கொண்டே வந்தார். ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ஜன்னல் பக்கத்தில் அவர் இருந்தார் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது.